ஃபோட்டோவுக்கு வெளியே ஒரு சனி, ஞாயிறு

வாங்க, வாங்க. செருப்பை மட்டும் எடுத்து ஸ்டாண்டின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். கீழே விட்டால் சின்னவன் அதை மாட்டிக்கொண்டு லிஃப்ட்டில் கிளம்பிவிடுவான். அப்புறம் இடது கால் செருப்பு ஏழாவது மாடியில் கிடைக்கும். வலது கால் செருப்பின் படம் ‘இது யாருடையது?’ என்ற கேள்வியோடு அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். உட்காருங்கள். அந்த ஓரம் மட்டும் வேண்டாம், அங்கே நேற்றே மாம்பழ ஜூஸ் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுச் சனி, ஞாயிறிலிருந்து வெளியுலகத்துக்குப் போவது இரண்டே படங்கள்தான். ஒன்று, தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பிள்ளைகள். இன்னொன்று, பின்னால் கடல் தெரிய எல்லோரும் சிரிக்கும் படம். இரண்டும் திருநெல்வேலியில் இருக்கிற ஆச்சியின் செல்போனுக்குப் போகும். அங்கிருந்து குடும்ப குரூப்புக்கு. பெரியப்பா கும்பிடு போடுவார், சித்தி இதயம் போடுவாள், ‘இப்படிப் பிள்ளைகளை வளர்க்கணும்’ என்று யாராவது ஒருவர் எழுதியும்விடுவார். அந்த இரண்டு படங்களின் விளிம்புக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது எங்களுக்கும் எங்கள் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். இன்றைக்கு உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஊர். எங்கள் நாவலூருக்கு வருகிற கூரியரில் ‘சென்னை 600130’ என்று எழுதியிருக்கும். ஆனால் சென்னை மாநகராட்சியின் எல்லை நமக்கு முன்னாலேயே செம்மஞ்சேரியில் முடிந்துவிடும். மாவட்டம் செங்கல்பட்டு, 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. போலீஸ் தாம்பரம் ஆணையரகம். தண்ணீர் லாரி. இப்படி ஆளுக்கொரு திசையிலிருந்து ஆளப்படுகிற ஊரில், சனி, ஞாயிறில் மட்டும் ஆட்சி தெளிவாக இருக்கிறது: முதலமைச்சர் ஆறு வயதுப் பெரியவள், உள்துறை மூன்று வயதுச் சின்னவன். நானும் என் கணவரும் அதிகாரிகள். கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவோம்.

வெள்ளி இரவே மந்திரிசபை கூடிவிடும். சிறுசேரி சிப்காட்டிலிருந்து இவர் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் நான் பட்டியலை வாசிப்பேன். வண்டலூர் போகலாமா? கேளம்பாக்கத்திலிருந்து நேர் ரோடு, 602 ஹெக்டேர் காடு, புலி, சிங்கம் எல்லாம் உண்டு. தட்சிணசித்ரா? செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று தென்னாட்டு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து முட்டுக்காட்டில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், மண் பிசைந்து பானை செய்யலாம். திருப்போரூர்? முருகன் ஆகாயத்தில் அசுரர்களோடு சண்டை போட்ட தலம். இந்தக் கடைசிக் கதை பெரியவளுக்கு ரொம்பப் பிடிக்கும், ‘ஃப்ளைட்லயா, மயில்லயா?’ என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பாள். முட்டுக்காடு படகுக் குழாம்? 1984-இலிருந்து இருக்கிறது, நானே பள்ளிக்கூட டூரில் வந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்துறை அமைச்சர் வாயிலிருந்து கட்டைவிரலை எடுத்தார்.

“தண்ணி லாரி.”

அவ்வளவுதான். தீர்மானம் நிறைவேறியது.

நீங்கள் ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக்காரராக இல்லாவிட்டால் இதில் இருக்கிற நியாயம் புரியாது. இந்தச் சாலையோரத்துப் பெரிய அடுக்குமாடிகளில் பலவற்றுக்கும் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி, இருபத்து நாலாயிரம் லிட்டர் லாரி என்று இரண்டு சாதி. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, இந்த ரோட்டுக் கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. அன்றைக்கு லாரி வருகிற சத்தம் கேட்டால் மாடி மாடியாகத் தலைகள் எட்டிப் பார்க்கும். பெரியவர்களுக்கு லாரி என்றால் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம், அசோசியேஷன் கூட்டம், சண்டை. சின்னவனுக்கு அது பல டன் எடையுள்ள ஒரு கடவுள், தினமும் ரிவர்ஸில் தரிசனம் கொடுக்கிறது.

பள்ளிக்கூட நாளில் எட்டு மணிக்கு அவனை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை ஆறு மணிக்குத் தானாக எழுந்து, என் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்த்து, “அம்மா, பீப் பீப்” என்றான். கீழே லாரி பின்னால் வருகிற ஓசை. பல் தேய்க்காமல், ஒரு கையில் பால் பாட்டில், மறுகையில் அக்காவின் முடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. லிஃப்ட்டில் இவர்களைப்போலவே இன்னும் நான்கு பிள்ளைகள், நான்கு அப்பாக்கள், நான்கு நைட் டிராயர்கள். யாரும் யாருடைய உடையையும் பார்க்கவில்லை என்பது சனிக்கிழமை மரியாதை.

இனி நிகழ்ச்சி. செக்யூரிட்டி அண்ணன் விசிலை ஊதிக்கொண்டே கையை ஆட்டுகிறார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நிலத்தடித் தொட்டியான சம்ப்புக்கு அருகே வருகிறார். கிளீனர் தம்பி குதித்து இறங்கி, தொடை தடிமனுள்ள ஹோஸைத் தோளில் போட்டு இழுக்கிறான். சம்ப் மூடி திறக்கும்போது ‘டங்’. பிள்ளைகள் கைதட்டல். வால்வைத் திருப்பியதும் ஹோஸ் ஒரு துள்ளுத் துள்ளி நேராக, உள்ளே தண்ணீர் இரைகிறது. மறுபடியும் கைதட்டல். இப்போது பி பிளாக் மாமாவின் வருகை. சட்டைப் பையிலிருந்து பேனா அளவுள்ள டிடிஎஸ் மீட்டரை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, அதில் அமிழ்த்துகிறார். கூட்டம் மூச்சைப் பிடிக்கிறது. எண் கூடினால் உப்பு கூட, லாரி திரும்பிப் போக வேண்டியதுதான். மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் படித்து, தலையசைக்கிறார். நோட்டில் கையெழுத்து. என் கணவர் சினிமாவுக்குக்கூட இவ்வளவு ஆழ்ந்து உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் கொல்கத்தாக்காரர். “முதல்ல பையனுக்காக வந்தேன், இப்போ எனக்காக வர்றேன்” என்று ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டார்.

மேலே வந்ததும் ஆச்சியின் போன்.

“ஏட்டி, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்ச்சியா இல்லியா?”

“இப்பத்தாம்மா எடுத்துட்டு இருக்கேன்.”

“காய்ச்சித் தேயி. சும்மா பாட்டில்ல இருந்து ஊத்தாத. ரெண்டு மிளகு போடு. மருமவன் எங்க?”

மருமகன் எங்கே என்றால், சோபாவுக்கு அடியில் குப்புறப் படுத்துச் சின்னவனின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுகால் சுவரை உதைத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக் குளியலைப் பற்றி ஔவையாரே ஆத்திசூடியில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் எண்ணெய் தடவிய மூன்று வயதுப் பையனை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. நல்லெண்ணெய் பட்டதும் எங்கள் பையன் விலாங்கு மீன். கையிலிருந்து நழுவி, ஹாலைக் கடந்து, பால்கனித் திரைச்சீலையைத் தழுவி, டிவி ரிமோட்டை எடுத்து, அதே கையால் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ஆசீர்வாதம் வழங்கி, கடைசியில் பாத்ரூம் வாசலில் தானாகவே வந்து நின்றான். உள்ளே வாளியில் பொம்மை லாரி மிதந்ததுதான் காரணம்.

ஒருவழியாகக் குளிப்பாட்டி, சீயக்காய் கண்ணில் பட்டதற்கான ஒப்பாரியை ஆற்றி, திருநீறு இட்டு நிற்க வைத்தோம். அதுதான் முதல் படம். பெரியவள் கையைக் கட்டியிருப்பது பக்தியால் அல்ல. கைக்குள் ஒரு ஜெம்ஸ் மிட்டாய் உருகிக்கொண்டிருக்கிறது. சின்னவன் மேலே பார்த்துக்கொண்டிருப்பது சாமியை அல்ல. நான் கேமராவுக்கு மேலே ஜேசிபி வீடியோ ஓடுகிற இன்னொரு போனைப் பிடித்திருக்கிறேன். படத்தின் வலது ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் தெரியும், அது திரைச்சீலை. ஆச்சி அதை டிசைன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமைச் சமையலறை இவருடையது. மாவு பாக்கெட்டை வெட்டி, உப்பு பார்த்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லுக்கு முன்னால் நிற்பார். வட்டத் தோசை இந்த வீட்டில் செல்லாது. பெரியவளுக்குப் பட்டாம்பூச்சி, சின்னவனுக்கு ஜேசிபி. ஜேசிபித் தோசையில் சூட்சுமம் அந்த முன்கை. கரண்டியை உயர்த்தி மெல்லிய கோடாக இழுத்து, நுனியில் பக்கெட் வளைக்க வேண்டும். திருப்பும்போது முழங்கை உடையக் கூடாது. உடைந்தால் வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டு வேறொன்று வார்க்க வேண்டும். வொர்க்‌ஷாப் என்பது என் தட்டு. அன்றைக்கு நான் சாப்பிட்டது முழுக்க விபத்தில் சிக்கிய வாகனங்கள்தான். நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் இருந்தால் எந்த வாகனமும் இறங்கும்.

இதற்கிடையில் ஹாலில் சுங்கச்சாவடி திறந்துவிட்டது. இரண்டு நாற்காலி, நடுவில் துடைப்பக் குச்சி. பெட்ரூமிலிருந்து சமையலறைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு பிஸ்கட் கட்ட வேண்டும். பெரியவள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்தே காருக்குள்ளிருந்து நாவலூர் சுங்கச்சாவடியைப் பார்த்து வளர்ந்தவள். ஓஎம்ஆரின் மற்ற சாவடிகளில் மெட்ரோ வேலைக்காக 2021-லேயே வசூலை நிறுத்தினார்கள். நாவலூரில் 2023 அக்டோபரில் நிறுத்தினார்கள். எங்கள் ஹாலில் இன்னும் நிறுத்தவில்லை. “அரசாங்கமே எடுத்துடுச்சுடி” என்று இவர் வாதாடினார். “ஃபாஸ்டேக் இருக்கா?” என்று கேட்டாள் அவள். இல்லை என்றதும் இரட்டைக் கட்டணம். இரண்டு மாரி பிஸ்கட்.

மதியத்துக்கு முன்பு ஒரு வெளிப்பயணம் போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. நாவலூர்ப் பக்கம் மாலுக்குப் பஞ்சமில்லை, விவிரா ஒரு பக்கம், ஏகாட்டூரில் மெரினா மால் ஒரு பக்கம். அங்கே போனால் பொம்மைக் கடை வாசலில் தரையில் படுத்து உருளும் படலம் ஒன்று உண்டு. அதனால் நாங்கள் கண்டுபிடித்த மாற்று, பஸ். கேளம்பாக்கம் வரை போவது, அங்கே இறங்கி ஆளுக்கொரு இளநீர் குடிப்பது, அதே வழியில் திரும்புவது. எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இல்லை. ஆகவே நான் இலவசம், மகள் இலவசம், மகன் இலவசம். எங்கள் குடும்பத்தில் டிக்கெட் எடுக்கிற ஒரே ஜீவன் இவர்தான். அந்த ஒற்றைச் சீட்டுக்காகப் போகும்போது ஒரு சண்டை, வரும்போது ஒரு சண்டை. கண்டக்டர் கடைசியில் சின்னவன் கையில் ஒரு காலி அட்டையைக் கொடுத்து, “சார், இது ஸ்பெஷல் பாஸ்” என்றார். அன்றைக்கு அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தான்.

மதியத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது அவ்வளவு அழகானது. இருவரும் தூங்கினார்கள். நாங்கள் கொடியில் தொங்கும் யூனிஃபார்ம்களுக்கு நடுவே பால்கனியில் உட்கார்ந்து, பால் பொங்குகிற சத்தம்கூடக் கேட்காமல் போட்ட காபியைக் குடித்தோம். பேசவில்லை. போன் பார்த்தோம். சுகம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு பிளே ஏரியா. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா. உள்ளே இறங்கினால் அது தனி நாடு. ஊஞ்சலுக்கு வரிசை உண்டு. ஒருவர் ஆடும்போது அடுத்தவர் இருபது வரை எண்ண வேண்டும். இருபது வந்தால் இறங்க வேண்டும். எந்த மொழியிலும் எண்ணலாம். சாஃப்ட்வேர் வேலை இந்தியாவெங்கும் இருந்து ஆட்களை இங்கே கொட்டியிருக்கிறது என்பதால், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் ஊஞ்சலடியில் புழங்கும். இதில் ஊழலும் உண்டு. தனக்கு வேண்டியவர்கள் ஆடும்போது பெரியவள் தெலுங்கில் நிதானமாக எண்ணுவாள். வேண்டாதவர்களுக்குத் தமிழில் மூச்சு விடாமல். அவளிடம் இதைக் கேட்டேன். “அம்மா, அந்த அக்காவுக்கு நாலாம் கிளாஸ், அவங்க ஆடவே கூடாது” என்று சட்ட விளக்கம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் இன்னொரு தனி நாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல், முழங்கால் வலியைக் கையாலேயே முழுசாகப் பேசிவிடுகிறார்கள்.

ஞாயிறு. கோவளம். இதற்கு மட்டும் நாங்களே ஐந்து மணிக்கு எழுந்தோம், வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டுமே. நான்கு பேருக்கு ஒரு மணி நேரக் கடற்கரை. காரில் ஏறியவை: மூன்று பை மாற்றுத்துணி, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், இரண்டு வாளி, மூன்று மண்வெட்டி (இரண்டு வாங்கினால் சண்டை, மூன்று வாங்கினால் மூன்றாவது யாருக்கு என்று சண்டை), பழைய துண்டு, புதுத் துண்டு, எலுமிச்சை சாதம், ஒரு பொம்மை யானை. யானை கடலைப் பார்த்ததே இல்லையாம்.

கேளம்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் சாலை உப்பங்கழியைக் கடக்கும். பருவம் சரியாக இருந்தால் கூழைக்கடாக்களும் பூநாரைகளும் நிற்கும். அன்றைக்குக் கூழைக்கடா மட்டும். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டும்போது இவர் உற்சாகமாகி வரலாறு எடுத்தார்: 1806-இல் வெட்டத் தொடங்கினார்கள், 1876-78 பெரும் பஞ்சத்தில் பசித்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து நீட்டினார்கள், ஆந்திரா வரைக்கும் படகில் உப்பும் விறகும் போனது. பின் சீட்டில் அமைதி. பிறகு ஒரு குரல்: “ஜேசிபி இல்லாம எப்படி நோண்டுனாங்க?” கேள்வி நியாயமானது. கையால் என்றார். நம்பவில்லை.

கோவளம் இப்போது நீலக்கொடி வாங்கிய கடற்கரை, 2021-லிருந்து. துப்புரவுக்கும் பாதுகாப்புக்கும் உலக அளவில் கொடுக்கிற சான்று. மணல் சுத்தம், குளிக்க ஷவர், உடை மாற்ற இடம். இந்தப் பக்கம் அலைச்சறுக்குக்காரர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அந்தப் பக்கம் வலையிலிருந்து மீனைப் பிரிக்கிறார்கள். வங்காள விரிகுடா முழுக்க முன்னால் விரிந்து கிடக்கிறது. என் பிள்ளைகள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குழி தோண்டத் தொடங்கினார்கள்.

கோட்டை கட்டுகிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். கோட்டையாவது! சம்ப். ஓரமெல்லாம் தட்டிச் சமன்செய்து, மூடிக்கு ஒரு தேங்காய் மட்டையும் தயார். சின்னவன் வாளியோடு கடலுக்கு ஓடுவான், நிரப்புவான், திரும்பிப் பார்த்துப் பின்பக்கமாகவே நடந்து வருவான். “பீப் பீப் பீப்.” பெரியவள் விசிலடித்துக் கையை ஆட்டுவாள். “வா, வா, வா, ரைட்டு ஒடி, போதும்!” குழிக்குள் ஊற்றுவார்கள். மணல் அத்தனையையும் குடித்துவிடும். அடுத்த லோடு. அப்பாவுக்குச் செக்யூரிட்டி வேலை கிடைத்தது, மணலில் வண்டி நம்பர் எழுத வேண்டும். பிறகு பெரியவள் எழுந்து, இல்லாத மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை வாளிக்குள் விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் கோணியது.

“டிடிஎஸ் ரொம்ப ஜாஸ்தி. லாரியைத் திருப்பி அனுப்பு.”

சின்னவன் அழுதுகொண்டே அவ்வளவையும் கடலில் கொண்டுபோய்க் கொட்டினான். பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எழுந்து நின்று சிரித்தது.

நான் அவனைத் தேற்றுவதற்காகத் தெற்கே கையைக் காட்டினேன். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் நெம்மேலி வரும், அங்கே இந்தக் கடல் தண்ணீரையே குழாயில் உறிஞ்சி, உப்பைப் பிரித்து நல்ல தண்ணீராக்குகிறார்கள் என்றேன். 2013-இல் தொடங்கியபோது ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024-இல் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது, அது பதினைந்து கோடி. மிக மெல்லிய சவ்வுக்கு எதிராகத் தண்ணீரை அசுர அழுத்தத்தில் தள்ளுவார்கள். தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கமே நிற்கும். அழுகை நின்றது, இரண்டு பேரும் வாயைத் திறந்து கேட்டார்கள். அலைக்கும் சர்ஃபிங்குக்கும் கூழைக்கடாவுக்கும் கிடைக்காத மரியாதை. “எத்தனை லாரி?” என்றாள் பெரியவள். இவர் போனில் கணக்குப் போட்டார். இரண்டு ஆலையும் சேர்ந்தால் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஒரு நாளைக்கு இருபதாயிரத்துக்கும் மேலே! அந்த வரிசையை மனசுக்குள் பார்த்துக்கொண்டு சின்னவன் அப்படியே மணலில் மல்லாந்து படுத்துவிட்டான். ஆனந்தம் தாங்கவில்லை.

அந்தக் கணத்தில் எடுத்ததுதான் இரண்டாவது படம். எல்லோரும் சிரிக்கிறோமே, கடலைப் பார்த்தல்ல.

மீதியை ஓட்டிவிடுகிறேன். மணலை உதறினோம், உதறியதாக நினைத்தோம். யானையைக் கடலில் குளிப்பாட்டியதில் அதன் எடை மூன்று மடங்கானது. கரையில் மீன் விற்கும் அக்காவிடம் சங்கரா வாங்கினோம். “வெட்டித் தரவா, முழுசா எடுத்துக்கிறியா கண்ணு?” என்றதற்கு இவர் வீரமாக “முழுசாவே குடுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து யூடியூப் பார்த்தார். ஆச்சி போனில் உட்கார்ந்துகொண்டே குழம்பு வைத்தாள்: தேங்காயை நைசா அரை, புளியைக் கெட்டியா விடாத, கொதி வந்த பிறகு மீனைப் போடு, கரண்டியைப் போட்டுக் கிண்டாத ஏட்டி, சட்டியைச் சுத்து. அந்த வாசனை வந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு கிண்ணம் அங்கே போனது. கிண்ணம் திரும்பும்போது உள்ளே மூன்று ரவா லட்டு இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. திரும்பும்போது ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்காகப் பாதையை ஒடுக்கியிருந்த இடத்தில் மாட்டிக்கொண்டோம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர் வழித்தடம், நாவலூர் பெயரிலேயே ஒரு நிலையம் வரப்போகிறது. அதுவரை இந்தத் தூண்களும் தடுப்புகளும்தான் நமக்கு. முன் சீட்டில் இருவரும் ஸ்டியரிங்கை முறைத்துக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் திருவிழா. ஒரு ராட்சத கிரேன் காங்கிரீட் துண்டு ஒன்றைத் தூக்கி, மேலே மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. வண்டிகள் நகரத் தொடங்கியதும் பின்னாலிருந்து கதறல்: “அப்பா, போகாத! டிராஃபிக் ஜாம் இன்னும் கொஞ்சம் வேணும்!” சென்னையில் இந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் மனிதர்கள் என் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். இவர் நிஜமாகவே ஓரங்கட்டி நிறுத்தினார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் எங்களைத் திட்ட வாயெடுத்து, மேலே பார்த்து, அவரும் நிறுத்திவிட்டார்.

இரவு எட்டரை. பாத்திரம் கழுவியாயிற்று, யூனிஃபார்ம் மடித்தாயிற்று, காதுக்குள்ளிருந்த மணலும் வந்தாயிற்று. அப்போதுதான் பிளே ஸ்கூலிலிருந்து செய்தி வந்தது. நாளைக்குக் காலை ‘நமக்கு உதவுபவர்கள்’ மாறுவேடம், பிள்ளைகளைத் தயாராக அனுப்பவும். ஞாயிறு எட்டரைக்கு! டாக்டர் கோட்டு எதிர்வீட்டில் இருக்கிறது, போலீஸ் தொப்பி சி பிளாக்கில் கிடைக்கும் என்று நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே சின்னவனிடம் கேட்டேன், தம்பி நீ யாராப் போற?

“தண்ணி லாரி.”

“லாரி ஓட்டுற அண்ணனா?”

“இல்ல. லாரி.”

ஒன்பது மணிக்கு அசோசியேஷன் குரூப்பில் நான் போட்ட வேண்டுகோள்: பெரிய அட்டைப்பெட்டி, நீலக் கலர் சார்ட் பேப்பர், யாரிடமாவது? ஏழு நிமிடத்தில் வாஷிங் மெஷின் வந்த பெட்டி ஒன்று லிஃப்ட்டில் தனியாக ஏறி வந்தது, அனுப்பியது யாரென்றே தெரியவில்லை. சார்ட் பேப்பர் கொல்கத்தாக்காரர் வீட்டிலிருந்து. பி பிளாக் மாமா நைட் டிராயரோடு நேரிலேயே வந்து, வால்வு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். இவர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தலையை விட்டு, “ஏம்மா, இந்த டிரெயின் ஹோஸை ஒரு நாளைக்குக் கழட்டுனா என்ன ஆகும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து பீப் பீப் சத்தம். பெரியவள் கறுப்பு ஸ்கெட்ச்சின் மூடியைப் பல்லால் கழற்றி, பெட்டியின் பக்கவாட்டில் முட்டி போட்டு, மாமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“பன்னெண்டாயிரமா, இருபத்து நாலாயிரமா? கரெக்டா சொல்லுங்க, எழுதணும்.”